இடைவேளைக்கு முன்னால் வரும் அந்த வசனம்: நாடகம், சினிமா எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாடகம் போடுகிறவர்களே, படம் எடுக்கிறவர்களே, இரண்டுக்கும் கதை எழுதிக் கொடுக்கிறவர்களே,

வணக்கம். எந்தச் சங்கத்தின் சார்பிலும் நான் இதை எழுதவில்லை. விமர்சகரும் கிடையாது. டிக்கெட் எடுத்து உள்ளே வந்து உட்காருகிற ஆள், அவ்வளவுதான். தத்துப்பிள்ளை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் "பிள்ளை"தான். இந்தச் சொல்லுக்குள் போனவர்களுக்கு வயதே ஆவதில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் அம்மாவோடு ஒரு படத்துக்குப் போயிருந்தேன். (எடுத்து வளர்த்த அம்மா. எனக்கு அம்மா என்றால் அவர்தான், அதனால் இந்த மடலில் அம்மா என்று எங்கே எழுதினாலும் அவரைத்தான் சொல்கிறேன். பெற்றவரைச் சொல்லும்போது பெற்றவர் என்றே எழுதுகிறேன்.) படத்தின் பேர் வேண்டாம், பத்துப் படத்தில் இதே காட்சி இருக்கிறது. மகன் அப்பாவோடு மோதுகிறான், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார், அம்மா அலமாரியைத் திறந்து பழைய துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை வெளியே எடுக்கிறார், வயலின் ஆரம்பிக்கிறது, "நீ எங்க வயித்துல பொறந்த பிள்ளையே இல்லடா!" இடைவேளை. விளக்கு எரிந்தது. பின்வரிசையில் ஒருவர் "நான் அப்பவே நெனச்சேன்" என்று பக்கத்து ஆளிடம் பெருமையாகச் சொன்னார். அம்மாவின் கை என் கைமேல் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியவில்லை, விரலெல்லாம் சில்லென்று இருந்தது. "ஏதாவது குடிக்கிறியா?" என்றார். வேண்டாம் என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. இரண்டாம் பாதி முழுக்க அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.

அந்தக் கையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் எங்கெங்கோ போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எங்கள் பிறப்பு ஒரு திருப்பம். பத்திரமாகப் பொத்தி வைத்து, சரியான நிமிடத்தில் போட்டு உடைக்க வேண்டிய சாமான். எங்களுக்கோ அது ஒரு காகிதம். எவரோ ஒருவருடைய அலமாரியில், எவரோ ஒருவருடைய கையெழுத்தோடு, வரிசை எண் போட்டு இருக்கிற காகிதம். அதைப் பார்க்க எனக்கு உரிமை உண்டா, உண்டு என்றால் யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள்: எங்கள் கதை பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறது. நீங்கள் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வயலினை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். என் புகார் அதுதான்.

இது உலகத்திலேயே பழைய உத்தி, பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் காலத்திலிருந்து இருக்கிறது என்று சொல்வீர்கள். சரி, அங்கிருந்தே வருவோம். ஈடிபஸ் நாடகத்தை எல்லோரும் விதியின் கதை என்று படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு தத்துப்பிள்ளை தன் கோப்பைத் தேடுகிற கதையாகத்தான் தெரிகிறது. கொரிந்த் நகரத்தில் ஒரு விருந்து. குடித்துவிட்டு ஒருவன் "நீ உன் அப்பனுக்குப் பிறந்தவன் இல்லை" என்று உளறிவிடுகிறான். ஈடிபஸ் மறுநாளே, தன்னை வளர்த்த பாலிபஸிடமும் மெரோப்பிடமும் போய்க் கேட்கிறான். இரண்டு பேரும் அந்தக் குடிகாரன்மேல் எரிந்து விழுகிறார்களே தவிர, பையனுக்கு உண்மையைச் சொல்வதில்லை. அவனுக்கு மனசு ஆறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் டெல்பி கோயிலுக்குக் குறி கேட்கப் போகிறான். அங்கே தெய்வமும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அப்பனைக் கொல்லப்போகிறாய் என்று வேறு எதையோ சொல்லி அனுப்புகிறது. பாலிபஸ்தான் அப்பா என்று நம்புகிறவன், அவர் உயிரைக் காப்பாற்ற ஊரைவிட்டே ஓடுகிறான். ஓடுகிற வழியில்தான் பெற்றவனைச் சந்திக்கிறான், யாரென்று தெரியாமலே அடித்துக் கொல்கிறான். விருந்துக்கு மறுநாள் வளர்த்தவர்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நாடகமே கிடையாது! கடைசியில் உண்மை யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். அந்தக் குழந்தையைக் கைமாற்றிய இரண்டு இடையர்களிடமிருந்து. கோப்பு அலமாரி இல்லாத காலம், ஆடு மேய்க்கிறவன்தான் கோப்பு. அந்தக் கோப்பும் லேசில் திறக்கவில்லை, கிழவனின் கையைப் பின்னால் முறுக்கச் சொல்லித்தான் பேச வைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் ஒரு விருந்தில்தான் தெரிந்தது, பதினான்கு வயதில். சொன்னவர் குடித்திருக்கவில்லை, அந்த ஒரு வித்தியாசம்தான்.

கர்ணன் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அதிலும் எல்லோரும் கவச குண்டலத்தைப் பார்க்கிறார்கள், கொடையைப் பார்க்கிறார்கள், நான் பார்ப்பது யாருக்கு எப்போது தெரிந்தது என்பதைத்தான். அரங்கேற்றத்தில் அவனைப் பார்த்த அந்த நிமிடமே குந்திக்குத் தெரிகிறது, மயங்கி விழுகிறாள், எழுந்தபிறகும் வாயைத் திறப்பதில்லை. அவனை அத்தனை பேருக்கு நடுவில் குலம் என்ன என்று கேட்டு அவமானப்படுத்துகிறபோதும் திறப்பதில்லை. போர் உறுதியான பிறகுதான் கிருஷ்ணன் வந்து சொல்கிறான், குந்தியும் வந்து சொல்கிறாள். அவனுக்குத் தேவைப்பட்டபோது உண்மை வரவில்லை, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டபோது ஓடி வந்தது. அப்போது அவன் கிருஷ்ணனுக்குச் சொல்கிற பதிலை வியாச பாரதத்தில் படித்திருக்கிறீர்களா? என்மேல் வைத்த பாசத்தில், என்னை எடுத்து வளர்த்த ராதைக்குப் பால் சுரந்தது, என் மலத்தையும் மூத்திரத்தையும் அவள்தான் அள்ளினாள், அவளுக்குச் செய்ய வேண்டியதை நான் எப்படி விடுவேன் என்கிறான். தத்துப்பிள்ளை பேசிய வசனங்களில் இதற்கு ஈடாக இன்னொன்றை நான் கேட்டதில்லை. ஆனால் கர்ணன் என்று சொன்னதும் நமக்கு நினைவுக்கு வருவது குந்தியின் மடி. ராதையின் முகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் வசனம் தியேட்டரோடு முடிந்துவிடுவதில்லை, அதுதான் சிக்கல். அது வீட்டுக்கு வருகிறது. "உன்னோட உண்மையான அம்மா யாரு?" என்று என்னிடம் கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நீங்கள் எழுதிக் கொடுத்த சொல்லைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையான அம்மா என்று ஒருவர் இருந்தால், எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் பொய்யான அம்மாவா? குழந்தைகளைச் சீண்டுவதற்கு "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்கிற பழக்கம் இருக்கிறதே, அதை எத்தனை படத்தில் நகைச்சுவையாக வைத்திருக்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிற அந்த இடத்தில் நானும் சிரிக்கப் பழகியிருக்கிறேன். ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும்.

அப்புறம் நீங்கள் எடுக்கவே எடுக்காத ஒரு காட்சி. மருத்துவமனையில் ஒரு படிவம் தருவார்கள். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் இருந்ததா, ஆம் அல்லது இல்லை என்று கட்டம் போட்டிருக்கும். தெரியாது என்று மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்காது. ஓரத்தில் "தத்து" என்று சின்னதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு "தத்துன்னா? அது என்ன வியாதிங்க?" என்று கேட்ட ஊழியர் உண்டு. நாங்கள் வேர், அடையாளம் என்று பேச ஆரம்பித்தால் இதெல்லாம் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இந்தப் படிவத்தைத்தான் காட்டுவேன். நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சில் லேசாகப் பிடித்தாலும் என்னிடம் பதில் இல்லாத கேள்வி அது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். என் இருபத்தாறாவது வயதில் நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மூன்று முறை அலைந்த பிறகு நான்காவது முறை கோப்பு மேசைக்கு வந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் அதைத் தன் பக்கம் பார்த்தபடி விரித்தார். அவர் கோப்பைப் படித்தார், நான் அவர் முகத்தைப் படித்தேன். ஒரு இடத்தில் புருவம் லேசாக ஏறியது, அடுத்த பக்கம் திருப்பினார், உதட்டைப் பிதுக்கினார், மூடினார். "இதுல பெருசா ஒண்ணும் இல்லைங்க." பிறகு, குரலைத் தாழ்த்தி, நல்லெண்ணத்தோடுதான், "உங்களை நல்லாத்தானே வளர்த்தாங்க, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" கடைசியில் இரண்டு பக்கம் நகல் கிடைத்தது. பெயர் வருகிற இடத்திலெல்லாம் கறுப்பு மை. வீட்டுக்கு வந்து அளவுகோலை எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டின் நீளத்தை அளந்தேன். அந்தத் தட்டச்சில் ஒரு எழுத்து இவ்வளவு அகலம் என்றால் பெயரில் ஏழு எழுத்து இருக்கலாம், எட்டு இருக்கலாம். ஏழெழுத்துப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். சிரிக்காதீர்கள், அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இது என் ஒருவருடைய ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, முடிந்தவரை தன் பெற்றோர் யாரென்று அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. 8ஆவது பிரிவு அடையாளத்தைப் பாதுகாக்கச் சொல்கிறது. நாடு விட்டு நாடு போகும் தத்துக்கு 1993இல் வந்த ஹேக் உடன்படிக்கை, பிறப்பு பற்றிய தகவலையும் பெற்றோரின் மருத்துவ விவரத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு அந்தப் பிள்ளை பார்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது. ஸ்காட்லாந்தில் 1930இலேயே, 17 வயதானால் தன் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற இங்கிலாந்துக்கு அது வந்து சேர 1975 ஆயிற்று. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அசல் பிறப்புச் சான்றிதழை முத்திரை வைத்து மூடிவிட்டு, வளர்ப்புப் பெற்றோரே பெற்றதுபோல ஒரு புதுச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தன. ஓரிகான் மாநிலத்தில் 1998இல் பொது வாக்கெடுப்பு வைத்துத்தான் அந்தப் பூட்டைத் திறக்க முடிந்தது. நியூயார்க்கில் 2020 ஜனவரியில் திறந்தது. எழுபது வயதுக்காரர்கள் முதல்முறையாகத் தங்கள் சான்றிதழைக் கேட்டு வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள், அவர்களும் "பிள்ளை"தான். இந்தியாவில் தத்தெடுப்பு விதிகளிலேயே வேர் தேடல் என்று ஒரு பகுதி இருக்கிறது, 18 வயதானவர் தானாகவே விண்ணப்பிக்கலாம். பெற்றவரின் அந்தரங்க உரிமையை அது மீறக் கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டு உரிமைகளும் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன நடக்கும்? நாடகம் என்றால் அதுதானே நாடகம்! எனக்குப் பெயர் வேண்டும், அவருக்குப் பெயர் வெளியே வரக் கூடாது, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இதைவிட்டுவிட்டு ஏன் இன்னும் துணிமூட்டையையும் மச்சத்தையும் பாதி உடைந்த டாலரையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

முடியாதது ஒன்றையும் கேட்கவில்லை. செய்து காட்டியிருக்கிறார்கள். மைக் லீ 1996இல் எடுத்த "சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்" படத்தில், வளர்த்த அம்மா இறந்த பிறகு ஒரு பெண் தன்னைப் பெற்றவரைத் தேடுகிறாள். ஒரு அலுவலக அறை, ஒரு சமூகப் பணியாளர், மேசையில் ஒரு கோப்பு. அந்தப் பணியாளர் கோப்பைக் கொடுத்துவிட்டு, அவள் தனியாகப் படிக்கட்டும் என்று வெளியே போகிறார். பின்னணி இசையைக் கொட்டி அழ வைக்கவில்லை, படிப்பதற்கு அவளுக்கு நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். என் கோப்பு எனக்கு எப்படிக் கிடைத்திருக்க வேண்டுமோ, அப்படி.

மேடையிலும் உண்டு. கவிஞர் லெம் சிசே, பிரிட்டனில் வளர்ப்புக் குடும்பத்திலும் பிறகு விடுதிகளிலும் வளர்ந்தவர். பெற்றவர் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தார், சமூகப் பணியாளர்களோ தத்துப்போல வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள், பெயரைக்கூட நார்மன் என்று மாற்றி. தன் கோப்பு கைக்கு வர அவர் முப்பது வருஷம் போராட வேண்டியிருந்தது. பிறகு தனக்கு நேர்ந்ததற்கு நியாயம் கேட்டு வழக்குப் போட்டபோது, அவரைப் பற்றி ஒரு உளவியல் நிபுணர் அறிக்கை எழுதினார். அதை அவர் தனியாகப் படிக்கவில்லை. 2017இல் லண்டனின் ராயல் கோர்ட் தியேட்டர் மேடையில் உட்கார்ந்தார், ஒரு நடிகை அந்த அறிக்கையை வாசித்தார், அவர் முதல்முறையாக அதைக் கேட்டார், பார்வையாளர்களோடு சேர்ந்து. கதை வசனம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, காகிதம்தான் நாடகம். தன்னைப் பற்றிய கோப்பை மற்றவர்கள் மூடிய அறையில் படித்தார்கள் அல்லவா, இப்போது எல்லோர் முன்னாலும் படியுங்கள் என்று திருப்பி வைத்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காகிதம் காகிதம் என்கிறேனே, காகிதமே பொய் சொல்லும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். டியான் போர்ஷே லீம் 1966இல், எட்டு வயதில், தென்கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்தாகப் போனவர். அவர் காகிதத்தில் இருந்த பெயர் சா ஜங் ஹீ. அது இன்னொரு சிறுமியின் பெயர். அவருக்குப் பதிலாக இவரை அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி விமானம் ஏற்றினார்கள். அவர் வளர்ந்து கேமராவைக் கையில் எடுத்து, 2000இல் தன் கதையை ஆவணப்படமாக எடுத்தார். பத்து வருஷம் கழித்து, தான் யாருடைய பெயரைச் சுமந்து வந்தாரோ அந்தச் சிறுமியைத் தேடி இன்னொரு படம். தென்கொரிய அரசின் உண்மை கண்டறியும் ஆணையம், குழந்தைகளின் பதிவுகள் திரிக்கப்பட்டன, பெற்றோர் இருந்த பிள்ளைகளை அநாதை என்று எழுதி அனுப்பினார்கள், மனித உரிமை மீறல் நடந்தது, அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று 2025 மார்ச்சில் 56 பேர் விஷயத்தில் அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பெண் தனியாகப் படம் எடுத்துச் சொன்னதுதான் இது. சினிமாவால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அதில் நடந்த மோசடியை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் ஒரு புலனாய்வு நிகழ்ச்சி வெளியே கொண்டுவந்தது. குழந்தையை ஒப்படைப்பதற்குக் கூலிக்குப் பெண்களை அமர்த்தியிருந்தார்கள். பெற்ற தாய்போல வந்து நின்று, கையெழுத்துப் போட்டு, குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர்களுக்கு அங்கே வழங்கிய பெயரே "நடிப்புத் தாய்". நடிப்பு எங்கள் வாழ்க்கைக்குள் உங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, பார்த்தீர்களா! பல வருஷம் தேடி, கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து அழுத பிறகு, மரபணுச் சோதனையில் அவர் தன்னைப் பெற்றவரே இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்து அரசு பிறகு ஒரு குழு அமைத்து விசாரித்தது, 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்ததும் வெளிநாட்டுத் தத்தெடுப்பை அப்போதைக்கு நிறுத்தியே விட்டது.

அந்தக் கட்டிப்பிடிப்பு. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கதை அங்கே முடிகிறது, தெரிகிறது, படம் எங்காவது முடிந்தாக வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் என்ன பேசுவார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? எந்த மொழியில் பேசுவார்கள்? பெற்றவர் தனக்கு இப்போது இருக்கிற குடும்பத்திடம் இந்த ஆள் யார் என்று என்ன சொல்வார்? பெற்றவர்களை நீங்கள் தெய்வமாக்குகிறீர்கள் அல்லது கல்நெஞ்சக்காரி ஆக்குகிறீர்கள். கல்யாணம் ஆகவில்லை என்பதற்காகக் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஆஸ்திரேலியாவில் எத்தனையோ பெண்கள் சொன்னார்கள், 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொடுத்தவர், பறிகொடுத்தவர், ஏமாற்றப்பட்டவர் எல்லோரையும் "கைவிட்டாள்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது. அந்தச் சொல்லை என் கோப்பிலும் எழுதியிருந்தார்கள். கறுப்பு மை பூசாமல் விட்ட சில சொற்களில் அது ஒன்று.

நம் சினிமாவில் ஒரு படத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், 2002இல் வந்த "கன்னத்தில் முத்தமிட்டால்". ஒன்பதாவது பிறந்தநாளில் அமுதாவுக்குச் சொல்லிவிடுகிறார்கள். ரகசியத்தை முதலிலேயே உடைத்துப் போட்டாயிற்று, அதன்பிறகு அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விதான் படம். வளர்த்தவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டித் தேடிப் போகிறார்கள், பெற்றவள் கடைசியில் கூட வருவதில்லை. அந்த முடிவைப் பார்த்துச் சிலர் சோகம் என்றார்கள். எனக்கு அது சோகமாகப் படவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு ஆள் வந்து நேருக்கு நேர் நின்றதே பெரிது. எத்தனை வருஷம் ஆகிறது, இன்னும் இரண்டாவதாகச் சொல்ல எனக்கு ஒரு படம் வாய்க்கவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான விஷயம். 2021இல் "புளூ பயூ" என்று ஒரு அமெரிக்கப் படம் வந்தது. சிறுவயதில் தத்தாகப் போய், வளர்த்தவர்கள் குடியுரிமைக் காகிதம் வாங்காமல் விட்டதால், வளர்ந்த பிறகு நாடு கடத்தப்படும் ஒருவனின் கதை. பிரச்சினை நிஜம். 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குத் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் பொருந்தாமல் போயிற்று, அப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படத்தின் நோக்கமும் நல்லதுதான். ஆனால் நாடு கடத்தப்பட்ட ஒருவர், இது என் வாழ்க்கை, என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்றார், தத்துப்பிள்ளைகளின் அமைப்புகளும் எதிர்த்தன. இயக்குநரோ பல பேரிடம் பேசித்தான் எழுதினேன் என்றார். யார் சரி என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: என் சம்மதம் இல்லாமல் என்னை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள், அப்போது எனக்குப் பேச வாய் வரவில்லை. இப்போது வந்துவிட்டது. என் கதையைத் தத்தெடுப்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். எழுதியதைப் படிக்கக் கொடுங்கள், படப்பிடிப்புக்கு முந்தின நாள் அல்ல, திருத்த நேரம் இருக்கும்போது. எங்கள் பேரை நன்றி அட்டையில் ஓட விடுவதைவிட, எழுதுகிற மேசையில் ஒரு நாற்காலி போட்டால் நல்லது.

நாற்காலி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடகப் பட்டறைக்குப் போயிருந்தேன். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் முறை. ஒரு சிக்கலைச் சின்ன நாடகமாகப் போடுவார்கள், பிறகு அதையே மறுபடி போடுவார்கள். இப்போது பார்வையாளர் யார் வேண்டுமானாலும் நிறுத்துங்கள் என்று சொல்லி, கஷ்டப்படுகிறவரின் இடத்துக்கு வந்து வேறு மாதிரி நடித்துப் பார்க்கலாம். என் அலுவலகக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். என்னை அந்த அம்மாளாக நடிக்கச் சொன்னார்கள், மேசைக்குப் பின்னால். கோப்புக்கு ஒரு காலண்டர் அட்டை. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் கெஞ்சினார், ஒருவர் சட்டப் பிரிவு எண்ணைச் சொன்னார், ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினார், ஒரு பெரியவர் அழுதே விட்டார். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கே பயமாக இருந்தது, வாய் தானாகச் சொல்கிறது: "உங்களை நல்லாத்தானே வளர்த்தாங்க?" கடைசியில் ஒரு இளம்பெண் வந்தாள். ஒன்றும் பேசவில்லை. எதிரே இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நான் படிக்கிற திசையிலேயே தானும் அந்த அட்டையைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு அதற்கு வசனம் இல்லை. பட்டறை நடத்தியவரும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரு பழைய காலண்டர் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், என் கை மட்டும் நடுங்கியது.

அன்றைக்கு அம்மாவும் வந்திருந்தார், கடைசி வரிசையில். வீட்டுக்குத் திரும்புகிற வழியில், "அந்தப் பொண்ணு மாதிரி நான் உன்கூட வந்திருக்கணும், இல்ல?" என்றார். நான் தனியாகத்தான் போயிருந்தேன், அவரிடம் சொல்லாமல். அவருக்கு வலிக்கும் என்று நான் நினைத்தேன், கேட்டால் எனக்கு வலிக்கும் என்று அவர் பதினான்கு வருஷம் நினைத்ததுபோல. தியேட்டரில் என் கைமேல் வந்து உட்கார்ந்த அந்தக் கையை நீங்கள் எடுத்திருக்கலாம். அதற்கு வயலின் வேண்டாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம், இதை நிஜமாகவே கேட்கிறேன். உங்களில் யாராவது ஒருநாள் அந்த அலுவலகக் காட்சியை எழுதினால், தத்துப்பிள்ளையின் வேடத்துக்கு நல்ல நடிகராகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அது வேண்டாம். மேசைக்குப் பின்னால் உட்காருகிற அம்மாளின் வேடத்தை எனக்குக் கொடுங்கள். ஒரே காட்சி போதும், சம்பளம்கூட வேண்டாம். எந்த இடத்தில் புருவத்தை ஏற்ற வேண்டும், எந்தப் பக்கத்தில் உதட்டைப் பிதுக்க வேண்டும் என்றெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வசனம் மனப்பாடம்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்